பொன்விழா மலரில் வரலாறும் இருக்க வேண்டுமானால்

கல்லூரிக்கோ பல்கலைக்கழகத் துறைக்கோ ஐம்பது ஆண்டு நிறைந்தால் மலர் போடுவது வழக்கம். பெரும்பாலான மலர்களில் வாழ்த்துச் செய்தி ஒரு பங்கு, விளம்பரம் ஒரு பங்கு, மீதி எல்லாம் ‘மறக்க முடியாத நாட்கள்’. முதல் செட்டில் எத்தனை பேர் படித்தார்கள், நூலகக் கட்டடம் எந்த ஆண்டு எழுந்தது, மெஸ்ஸுக்கு மாதம் எவ்வளவு கட்டினார்கள் என்று தேடினால் ஒரு வரி சிக்காது. எழுதத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கையில் வந்த பொருளுக்குத் தேதியும் பெயரும் இடமும் போடுவதற்கு முன்பே எழுத உட்கார்ந்துவிடுவதுதான் கோளாறு. அதனால்தான் இந்த வழிகாட்டியில் தேதி போடுவதற்கு அதிக இடம்.

ஆள், காலக் கணக்கு: ஐந்தாறு பேர், எட்டு மாதம். முதல் ஐந்து மாதம் திரட்டல், அடுத்த இரண்டு மாதம் எழுத்து, கடைசி மாதம் அச்சு. விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்கினால் வாழ்த்து மலர்தான் வரும். அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

முதல் சண்டை இங்கேதான் வரும். சட்டம் நிறைவேறிய நாள், துணைவேந்தர் பொறுப்பேற்ற நாள், அடிக்கல் நாட்டிய நாள், முதல் வகுப்பு நடந்த நாள் என்று நான்கு ‘தொடக்கங்கள்’ இருக்கும். நான்கையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். எதைக் கொண்டாடுவது என்பது விழாக்குழு முடிவு. வரலாற்றுப் பகுதியில் நான்கும் வர வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் வயது வேறு, வளாகத்தின் வயது வேறு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 என்றாலும், சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரி 1920-லேயே தொடங்கிவிட்டது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் ஆண்டு 1985. காரைக்குடியில் அழகப்பா கல்லூரி தொடங்கியதோ 1947-இல். மதுரை, திருச்சி, கோவைப் பல்கலைக்கழகங்களுக்கு முன்பே அந்தந்த ஊரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையங்கள் நடந்தன. இடம் மாறிய கல்லூரிகளும் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் பிறந்து 1883-இல்தான் திருச்சிக்கு வந்தது. உங்கள் வளாகத்துக்கும் இப்படி ஒரு முன்கதை இருக்கிறதா என்று முதல் வாரமே விசாரியுங்கள். ஐந்தாவது மாதம் தெரியவந்தால் எல்லாவற்றையும் கலைத்து அடுக்க வேண்டியிருக்கும்.

சீட்டு

கிடைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், அது அழைப்பிதழோ போட்டோவோ மெஸ் பில்லோ, ஒரு சீட்டு. சீட்டில் ஆறு விவரம்: வரிசை எண், என்ன பொருள், எந்தத் தேதி, அந்தத் தேதி எப்படித் தெரிந்தது, யாரிடமிருந்து வந்தது, திருப்பித் தர வேண்டுமா. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், அதுதான் முக்கியம். ‘1972’ என்று மட்டும் எழுதி வைத்தால், பொருளிலேயே அச்சாகியிருந்ததா, கொடுத்தவர் வாய்மொழியாகச் சொன்னாரா, நீங்களே ஊகித்ததா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. ‘அச்சில்’, ‘சொன்னது’, ‘ஊகம்’ என்ற மூன்று சொல்லில் ஒன்றைப் போட்டால் போதும்.

வரிசை எண்ணைப் பொருளின் பின்புறம், ஓரமாக, பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் போட்டோவின் முன்பக்கம் வரி விழும். ஸ்கெட்ச் மை ஊறி மறுபக்கம் தெரியும். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்தையும் தின்றுவிடும். லேமினேஷனைப் பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுக்காமல், பின்புறக் கால்களை நிமிர்த்திவிட்டு எடுங்கள்.

எங்கே எந்தக் காகிதம் இருக்கும்?

தமிழ்நாட்டுக் கல்லூரி வரலாறு எழுதுகிறவர்கள் அதிகம் அலைவது இணைப்புப் பல்கலைக்கழகம் மாறியதை மறந்துவிடுவதால்தான். பாளையங்கோட்டையில் உள்ள ஒரு பழைய கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 வரை சென்னைப் பல்கலைக்கழகம், அதன்பின் மதுரைப் பல்கலைக்கழகம் (1978 முதல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்), 1990-க்குப் பிறகு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஆக, பாடத்திட்டம், தேர்ச்சிப் பட்டியல், இணைப்பு ஆய்வுக்குழு அறிக்கை எல்லாம் மூன்று ஊர்களில் சிதறிக் கிடக்கும். திருச்சி, கோவை வட்டாரங்களுக்கு 1982-தான் எல்லைக்கோடு. சேலத்துக்கு 1997, வேலூருக்கு 2002. பொறியியல் கல்லூரிகள் 2001-இல் வட்டாரப் பல்கலைக்கழகங்களிலிருந்து அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயின. இடையில் அது பல துண்டுகளாகப் பிரிந்து 2012-இல் மறுபடி சேர்ந்தது. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் கல்லூரிக்கு இப்படி ஒரு வரைகோடு போட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மாவட்டமும் இப்படித்தான். சிதம்பரம் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டம். பழைய ஆவணத்தைக் ‘கடலூர் மாவட்டம்’ என்று தேடினால் கிடைக்காது.

வளாகத்துக்குள் தேட வேண்டியவை: பல்கலைக்கழகக் காலண்டர் (விதிகள், பாடங்கள், ஆசிரியர் பட்டியல் அடங்கியது), செனட் - சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சி அமைப்புகள்) நடவடிக்கைக் குறிப்புகள், ஆண்டறிக்கை, கல்லூரி ஆண்டு மலர், பட்டமளிப்பு விழா அழைப்பிதழ், சேர்க்கைப் பதிவேடு, கேஷ் புக். இவற்றைவிட நம்பகமான, யாரும் சீண்டாத ஒன்று நூலகத்தின் வரவுப் பதிவேடு. அக்சஷன் ரிஜிஸ்டர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். முதல் எண்ணிலிருந்து வரிசையாக, புத்தகம் வந்த தேதி, விலை, வாங்கிய கடை அல்லது கொடுத்தவர் பெயர் இருக்கும். புதிய துறை தொடங்கும் முன் அந்தப் பாடப் புத்தகங்கள் மொத்தமாக வந்து இறங்கியிருப்பது பதிவேட்டிலேயே தெரியும். துறை தொடங்கிய ஆண்டு பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இதை வைத்து மடக்கலாம்.

தேசியத் தர மதிப்பீட்டுக் குழு (நாக்) வரும் ஆண்டில் பழைய பதிவேடுகளுக்கு ஆபத்து. ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்கிறோம் என்று மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகும். நாக் வருகிறது என்று காதில் விழுந்த அன்றே ஸ்டோர் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள்.

வளாகத்துக்கு வெளியே: சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் (அரசாணைகள், அரசிதழ்), அதே வட்டாரத்தில் கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் (பழைய தமிழ் இதழ்கள், மலர்கள்). நாளிதழைப் புரட்டும்போது வேலையைக் குறுக்க ஒரு வழி: பட்டமளிப்பு, அடிக்கல், திறப்பு விழா ஆகிய மூன்றின் தேதியை முதலில் கண்டுபிடித்து, அந்தத் தேதிக்கு அடுத்த மூன்று நாள் இதழ்களை மட்டும் பாருங்கள். ஆண்டு முழுவதையும் புரட்டினால் கண் போகும், காரியம் ஆகாது.

அரசுப் பல்கலைக்கழகம் ஆவணம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பம், 30 நாளில் பதில். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இங்கே பலரும் செய்யும் தவறு, ‘தங்கள் பல்கலைக்கழக வரலாற்றைத் தரவும்’ என்றோ ‘ஏன் இடித்தீர்கள்’ என்றோ கேட்பது. ஆவணத்தைக் கேட்க வேண்டும்: ‘1982 முதல் 1985 வரை நடந்த சிண்டிகேட் கூட்டங்களில் கட்டடம் கட்ட ஒப்புதல் தந்த தீர்மானங்களின் நகல்’. இவ்வளவு குறுக்கினால்தான் நகல் வரும். ‘தொகுக்கப்படவில்லை’ என்ற பதிலுக்கு இடமிருக்காது.

தேதி இல்லாத காகிதத்துக்குத் தேதி

பாதிப் பொருள்களில் தேதி இருக்காது. ஆனால் காகிதமே காட்டிக்கொடுக்கும்.

ரசீதில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ‘ந.பை.’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது, அந்த ஏழு ஆண்டுதான் நயா பைசா. லெட்டர்ஹெட்டில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. மாநிலப் பெயர் தமிழ்நாடு என்று அரசு முத்திரையோடு இருந்தால் 1969 ஜனவரிக்குப் பிந்தையது.

எழுத்தும் சொல்லும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் வடிவம் 1978-இல் அரசாணையால் மாறியது. அழைப்பிதழில் ‘லை’ துதிக்கை தூக்கிய மாதிரி மேலே சுழித்திருக்கிறதா, ‘னா’ கீழே வளைந்து ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய அச்சுக்கோப்பு எழுத்துகளை வைத்திருந்த அச்சகங்கள் அரசாணைக்குப் பிறகும் அவற்றையே ஓட்டின. எனவே பழைய வடிவம் 1978-க்கு முன் என்பதற்குச் சாட்சி ஆகாது. புதிய வடிவம் இருந்தால் 1978-க்குப் பின் என்று பெரும்பாலும் சொல்லலாம். அதிலும் விலக்கு உண்டு: பெரியார் தம் இதழ்களில் 1935-லேயே சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். பகுத்தறிவு மன்றத் துண்டறிக்கை கையில் கிடைத்தால் எழுத்தை வைத்துத் தேதி போட வேண்டாம்.

அணாவை விட்டால், இந்த அடையாளங்கள் எல்லாம் ‘இதற்கு முன் இல்லை’ என்றுதான் உறுதியாகச் சொல்லும், ‘இதற்குப் பின் இல்லை’ என்று சொல்லாது. மிச்சமிருந்த லெட்டர்ஹெட்டைத் தீரும் வரை பயன்படுத்தாத அலுவலகம் எது?

கல்வெட்டுக்கு வருவோம். அடிக்கல்லில் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால், அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. ‘சுக்கில’ என்றால் 1929-30 அல்லது 1989-90. கட்டடத்தைப் பார்த்தாலே எதுவென்று தெரிந்துவிடும். தவறு நடப்பது மாதத்தில். சுக்கில ஆண்டு தை மாதம் என்றால் 1930 ஜனவரி - பிப்ரவரி. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதை மறந்து 1929 என்று போட்ட பட்டியல்கள் ஏராளம். திருவள்ளுவர் ஆண்டில் வேறு சிக்கல். ‘2010’ என்று கல்லில் இருப்பதைப் பார்த்து நேற்றுக் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள், 31 கழித்தால் 1979. இந்த ஆண்டு தையில் தொடங்குவதால் ஜனவரி முதல் பாதியில் நடந்த நிகழ்ச்சிக்கு மட்டும் 30 கழிக்க வேண்டும்.

வெள்ளையடித்து எழுத்து மூடிய கல்லைச் சுரண்டாதீர்கள், ஆசிடும் ஊற்றாதீர்கள். இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். இடது, வலது, மேல், கீழ் என நான்கு பக்கமிருந்தும் ஒளி விழச் செய்து நான்கு படம் எடுங்கள். ஒரு படத்தில் மறையும் கோடு இன்னொன்றில் தெரியும்.

குரூப் போட்டோ

மலரில் எல்லோரும் முதலில் தேடுவது இதைத்தான். அதிகப் பிழை வருவதும் இதில்தான்.

அட்டையில் ஒட்டிய பழைய குரூப் போட்டோவைப் பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் பிரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அட்டைக் கீழே பெயர்கள் அச்சாகியிருந்தால் அதையும் முழுதாக, வெட்டாமல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை பின்புறம் இருக்கும், அதையும் சேர்த்து.

பெயர் கண்டுபிடிக்கும் முறை: படத்தை ஏ3 அளவில் பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு தலைக்கும் எண் கொடுங்கள். அமர்ந்திருப்பவர்கள் 1 முதல், நிற்பவர்கள் முதல் வரிசை 21 முதல், இரண்டாம் வரிசை 41 முதல். எண் இல்லாமல் ‘இடமிருந்து வலம் மூன்றாவது’ என்று போனில் பேசினால், பார்ப்பவருக்கு இடமா, படத்தில் இருப்பவருக்கு இடமா என்ற குழப்பம் தீரவே தீராது. எண்ணிட்ட படத்தை அந்தச் செட்டைச் சேர்ந்த மூன்று பேருக்குத் தனித்தனியே அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முதலில் ஒருவர் ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். மூவரில் இருவர் ஒத்துச் சொன்ன பெயரை வைத்துக்கொண்டு, மீதிக்குக் கேள்விக்குறி போடுங்கள். தவறான பெயரைவிடக் கேள்விக்குறி மரியாதையானது.

இனிஷியல் பெரிய தலைவலி. ஒரே செட்டில் மூன்று ஆர். சுப்பிரமணியன் இருப்பார்கள். ‘எஸ்.’ தமிழில் ‘சு.’ ஆகலாம், ‘சீ.’ ஆகலாம், ‘ச.’ ஆகலாம். பெயர் அட்டவணையில் பெயர், இனிஷியல், துறை, சொந்த ஊர், முடித்த ஆண்டு ஆகிய ஐந்தும் இருந்தால்தான் ஆளைப் பிரித்தறிய முடியும். முன்னாள் மாணவிகள் பட்டியலில் இருந்து காணாமல் போவதற்கும் இனிஷியல்தான் காரணம்: படிக்கும்போது அப்பா பெயர், பிறகு கணவர் பெயர். இனிஷியலை விட்டுவிட்டு, பெயர், துறை, ஊர் வைத்துத் தேடினால் பாதிப் பேர் கிடைப்பார்கள். துறவறத்தில் பெயர் மாறியவர்களும் உண்டு. 1931-இல் அண்ணாமலையில் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற விபுலானந்த அடிகள் மட்டக்களப்பில் மயில்வாகனமாக இருந்தவர். ஒருவருக்கு ஒரு பதிவுதான், மற்றப் பெயர்களிலிருந்து ‘காண்க’ என்று திருப்பிவிட வேண்டும்.

‘எந்த பேட்ச்?’ என்று கேட்டால் சிலர் சேர்ந்த ஆண்டைச் சொல்வார்கள், சிலர் முடித்த ஆண்டை, சிலர் பட்டமளிப்பு நடந்த ஆண்டை. படிவத்திலேயே ‘சேர்ந்த ஆண்டு, தேர்வு எழுதி முடித்த ஆண்டு’ என்று இரண்டு கட்டம் போடுங்கள். 1950களின் நடுப்பகுதி வரை இண்டர்மீடியட், அதன்பின் பி.யூ.சி. (புகுமுக வகுப்பு), 1978-இல் பள்ளிகளில் பிளஸ் டூ வந்ததும் அதுவும் போயிற்று. அந்த ஆண்டுகளில் கல்லூரியில் மாணவர் எண்ணிக்கை சட்டென்று விழுந்திருக்கும். காரணம் தெரியாமல் ‘கல்லூரி நலிவுற்ற காலம்’ என்று எழுதிவிடாதீர்கள், ஒரு வகுப்பு முழுதும் பள்ளிக்குப் போனது, அவ்வளவுதான்.

ஸ்கேன்

காகிதத்துக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி), போட்டோவுக்கு 600. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பேறிய இடமும் பென்சில் குறிப்பும் தெரியும். மூலக் கோப்பை டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு ஜேபெக் நகல். வெளியூரில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக வேண்டாம், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கிவிடும். ஆறு அங்குல அகலத்தில் அச்சாக 1,800 பிக்சல் வேண்டும்.

கோப்புப் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கட்டும், தானாக அடுக்கிக்கொள்ளும். தேதி தெரியாததற்கு 00. மூன்று நகல், அதில் ஒன்று வேறு ஊரில். இருபது ஆண்டுக்கு முந்தைய மலரின் சி.டி. கிடைத்தால், எழுத்து எல்லாம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும், திறந்தால் ஆங்கிலக் குப்பை மாதிரி தெரியும். அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுத்துரு மாற்றியில் கொடுத்தால் யூனிகோடு ஆகிவிடும்.

பேட்டி

துணைவேந்தர்களையும் முதல்வர்களையும் பேட்டி எடுக்க எல்லோரும் ஓடுவார்கள். அவர்கள் சொல்வதில் பாதி ஏற்கெனவே ஆண்டறிக்கையில் இருக்கும். மெஸ் மாஸ்டர், விடுதிக் காவலாளி, லேப் அட்டெண்டர், வாசல் டீக்கடைக்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர், கடைசிப் பஸ்ஸின் நடத்துநர் இவர்களிடம் இருப்பது வேறெங்கும் எழுதப்படாதது. 20 பேட்டி எடுப்பதாக இருந்தால் 10 இவர்களுக்கு.

கருவி, செல்போன் போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், பேசுபவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில், மேசைமேல் மடித்த துண்டின்மீது வையுங்கள். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அதன் நேர்க்கீழே உட்காராதீர்கள். சமையல் நேரத்தில் போகாதீர்கள், குக்கர் விசில் எல்லாப் பேட்டியிலும் முக்கியமான வரியில்தான் அடிக்கும். முதல் அரை நிமிடத்தில் தேதி, இடம், இருவர் பெயர் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பதிவுக்கும் அச்சுக்கும் தனித்தனியே சம்மதம் வாங்குங்கள். பேச ஒப்புக்கொண்டவர் அச்சில் வர ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்.

‘அந்தக் காலம் எப்படி இருந்தது ஐயா?’ என்று தொடங்கினால் ‘அதெல்லாம் ஒரு பொற்காலம்’ என்று முடிந்துவிடும். கையில் கொடுத்துப் பேச வையுங்கள்: ஒரு போட்டோ, ஒரு பழைய வரைபடம், ஒரு மெஸ் பில். ‘முதல் நாள் எந்த வழியாக உள்ளே வந்தீர்கள்?’, ‘தண்ணீர் எங்கிருந்து வந்தது?’, ‘ராத்திரி எத்தனை மணிக்கு கேட் சாத்துவார்கள், சாத்திய பிறகு எந்தப் பக்கம் ஏறிக் குதிப்பார்கள்?’ கடைசிக் கேள்விக்கு எல்லா வளாகத்திலும் துல்லியமான பதில் உண்டு.

ஆண்டு நினைவிருக்காது. ஊரறிந்த நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள்: தனுஷ்கோடிப் புயலுக்கு (1964 டிசம்பர்) முன்னா பின்னா, எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது (1967 ஜனவரி) விடுதியில் இருந்தீர்களா, அண்ணா மறைந்த (1969 பிப்ரவரி) பிறகா, எமர்ஜென்சியிலா, சுனாமிக்கு அப்புறமா?

மெஸ் கணக்கைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். டிவைடிங் முறை நடந்த விடுதிகளில், மாதச் செலவைச் சாப்பிட்ட நாட்களால் வகுத்து ஒரு நாள் விகிதம் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். ஊருக்குப் போன நாளுக்கு ரிடக்‌ஷன். மாணவப் பிரதிநிதிகள் காய்கறிச் சந்தைக்குப் போன குறிப்பேடு யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். அரிசி விலை, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எந்தக் கிழமை கோழி என்ற மூன்றும் பத்து நினைவுக் கட்டுரைக்குச் சமம்.

ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். குரல் தட்டச்சு கை கொடுக்கும், ஆனால் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் தன் இஷ்டத்துக்குப் போடும். பெயர்களை மட்டும் ஒலிப்பதிவோடு மறுபடி ஒத்துப் பாருங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம்

வளாகம் வருவதற்கு முன் அந்த நிலம் யாருடையது? மலர்களில் ‘பொட்டல் காடாக இருந்த இடம்’ என்று ஒரு வரியில் தாண்டுவார்கள். அங்கே மேய்ச்சல் நடந்திருக்கும், மானாவாரிச் சோளம் விளைந்திருக்கும், ஒரு கோயிலும் கண்மாயும் இருந்திருக்கும். அண்ணாமலைநகர் எழுந்த இடத்துக்குத் திருவேட்களம் என்று பெயர். ஞானசம்பந்தர் தேவாரம் பாடிய பாசுபதேசுவரர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது.

நிலத்தைத் தேடும் வழி: கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு (எந்த நிலம் யாருடையது என்ற கிராமக் கணக்கு), புல வரைபடம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, கிரயப் பத்திர நகல். கையகப்படுத்திய நிலமானால் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(1) அறிவிக்கை அரசிதழில் புல எண், பரப்பு, உடைமையாளர் பெயரோடு வந்திருக்கும். இங்கே எல்லோரும் முட்டிக்கொள்வது புல எண்ணில். 1980களில் முடிந்த யூ.டி.ஆர். (நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்கும்) நில அளவையில் எண்கள் உட்பிரிவாகி மாறின. அரசிதழில் உள்ள எண்ணை இன்றைய பட்டாவில் தேடினால் வேறு யாரோ வருவார்கள். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்ற ஒப்பீட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் வரைபடத்தைத் தொட வேண்டும்.

நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை என்ற பேச்சு வரலாம். ஆணை, கடிதம், கூட்டக் குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை அச்சிடுங்கள், இல்லாவிட்டால் ‘ஊரார் சொல்வது’ என்று போட்டு அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். விட்டுவிடாதீர்கள்.

எழுதும்போது

ஒவ்வொரு செய்திக்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரம் வேண்டும். வெள்ளிவிழா மலரும் அதைப் பார்த்துப் போட்ட முத்துவிழா மலரும் இரண்டாகாது, ஒன்றுதான்.

போராட்டம், துப்பாக்கிச் சூடு, சாதிச் சண்டை, விடுதி மூடல் இவற்றை மலரில் சேர்க்கலாமா என்று நிர்வாகம் நெளியும். தேதியோடும் ஆவணத்தோடும் எழுதினால் யாரும் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள், உரிச்சொல்லோடு எழுதினால் தடுப்பார்கள். 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறை சுட்டதில் உயிரிழந்தார். தேதி, பெயர், நடந்தது மூன்றும் அந்த வரியில் இருக்கின்றன. ‘வீறுகொண்ட’, ‘துரதிர்ஷ்டவசமான’ இரண்டும் தேவைப்படவில்லை.

சேர்க்கைப் பதிவேட்டில் சாதி, மதிப்பெண், பெற்றோர் வருமானம் இருக்கும். எண்ணிக்கையாகத் தொகுத்துப் போடலாம், பெயரோடு அச்சிடக் கூடாது. பழைய அச்சில் பெயரோடு சாதி ஒட்டு இருந்தால் அந்த அச்சைப் படமாகக் காட்டும்போது அப்படியே விடுங்கள்.

அச்சு

டெம்மி அளவு, உள்தாள் 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, படங்களுக்கு 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பரில் தனிப் பாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் தொகுதி). பக்கக் கணக்கு 16-இன் மடங்காக வரட்டும், ஐந்து பக்கம் மிஞ்சினால் அச்சகத்தார் ‘ஒரு கவிதை கொடுங்க சார், ரொப்பிடலாம்’ என்பார். வாழ்த்துச் செய்திகளைக் கடைசியில் வைக்க விழாக்குழுவிடம் முதல் கூட்டத்திலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள், பின்னால் நடக்காது. பெயர் அட்டவணையை மெய்ப்புப் பார்க்க, மலரில் வேலை செய்யாத ஒருவரைப் பிடியுங்கள்.

நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் படி போக வேண்டும். இரவல் வாங்கிய பொருள்களைச் சீட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள், வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள். சீட்டுக் கட்டும் ஒலிப்பதிவுகளும் துறை நூலகத்தில் வரவு எண்ணோடு சேரட்டும். மலர் வெளியான வாரமே ‘எங்க அப்பா பேரு தப்பா இருக்கு’ என்று போன் வரத் தொடங்கும். போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள்: பக்கம், வரி, சரியான பெயர், சொன்னவர்.